கட்டு போட்டாச்சு, விரலைப் பாத்தீங்களா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். பட்ட அனுபவத்தில் எழுதுறேன்.

எங்க மொரப்பூர் பக்கம் கை கால் முறிஞ்சா முதல்ல வர்ற வார்த்தை ஆஸ்பத்திரி இல்லை, 'கட்டு'. ஆந்திராவில் இருக்கிற புத்தூர் பேரை வெச்சு 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

அக்கா பையன் எட்டு வயசுல புளியமரத்துல இருந்து விழுந்தான். முழங்கை வீங்கிடுச்சு. பக்கத்து ஊர்ல கட்டு போடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை, நல்லா இறுக்கி ஒரு கட்டு. ராத்திரி பூரா அழுதான். "முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்"னு சமாதானம் சொன்னோம், நான் உட்பட. விடிஞ்சு பார்த்தா விரலெல்லாம் நீலம். "மாமா, கை மரத்துப்போச்சு"ன்னான். தருமபுரிக்கு ஓடினோம். டாக்டர் முதல்ல செஞ்ச வேலை, கட்டை வெட்டி எறிஞ்சதுதான். கை பிழைச்சது. ஆனா ரெண்டு விரல் இன்னிக்கும் முழுசா நீளாது. பம்பரம் விடக் கஷ்டப்படுறான்.

விஷயம் இதுதான். அடிபட்ட இடம் உள்ளுக்குள்ள வீங்கிட்டே இருக்கும். மேல இறுக்கமான கட்டு இருந்தா வீக்கத்துக்குப் போக இடமில்லை. ரத்த ஓட்டம் நசுங்கும். ஆறு மணி நேரம் ரத்தம் இல்லைன்னா தசை சாக ஆரம்பிச்சிடும். ஃபோக்மான்ங்கிற ஜெர்மானிய டாக்டர் 1881லேயே இதை எழுதி வெச்சுட்டார்.

உடனே 'மூடநம்பிக்கை, எல்லாரையும் உள்ள தள்ளு'ன்னு கிளம்பாதீங்க மக்கா. ஜனங்க அங்க போறதுக்குக் காரணம் இருக்கு. கத்தி பயம், காசு பயம், ஒரு நாள் கூலி போற பயம். கட்டுக்காரர் பக்கத்துல இருக்கார், கையைத் தொட்டுப் பேசுறார். 108 வண்டி 2008லயே வந்துடுச்சு. சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்னு 2021 டிசம்பர்ல அரசு திட்டமே கொண்டுவந்தது. ஆனா மரத்துல இருந்து விழுறது சாலை விபத்து இல்லையே!

இங்கிலாந்துல ஹ்யூ ஓவன் தாமஸ்னு ஒருத்தர். பரம்பரையா எலும்பு கட்டுற குடும்பம். அப்பா பையனை டாக்டருக்குப் படிக்க வெச்சார். அவர் கண்டுபிடிச்ச 'தாமஸ் ஸ்ப்ளிண்ட்', முதல் உலகப் போர்ல தொடை எலும்பு முறிஞ்ச சிப்பாய்கள் பலரைக் காப்பாத்துச்சு. கைப்பழக்கமும் படிப்பும் சேர்ந்தா என்ன நடக்கும்னு புரியுதா?

அதனால என் கட்சி: கட்டுக்காரரை விரட்டாதீங்க, அவருக்குச் சொல்லிக் குடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கூப்பிட்டு அரை நாள் வகுப்பு எடுத்தாப் போதும். முறிஞ்சதை இழுத்து நேராக்காதே, எண்ணெய் போட்டு உருவாதே. எலும்பு வெளிய தெரிஞ்சா சுத்தமான துணியால மூடி உடனே அனுப்பு. கழுத்து, முதுகுல அடின்னா அசைக்காம 108ஐக் கூப்பிடு.

நமக்கும் ஒரு பாடம் இருக்கு. யார் கட்டு போட்டாலும், மாவுக்கட்டே ஆனாலும், நகத்தை அமுக்கிப் பாருங்க. வெளுத்த நகம் ரெண்டு நொடியில சிவக்கணும். வலி ஏறிட்டே போனா, விரலை நீட்டிவிட்டா உயிர் போற மாதிரி கத்தினா, மரத்துப்போனா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. நகம் சரியா சிவந்தாலும்தான்.

நாங்க காத்திருந்தோம்.