நாற்காலியில் தொடங்கும் மனநிறைவு

ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் போடுவார்கள். விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அந்த ஸ்டூல் கிடையாது. கடை திறந்ததும் நிற்கத் தொடங்கினால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். கூட்டமில்லாத மதிய நேரத்தில் சற்றுச் சாய்ந்தாலும் சூப்பர்வைசரின் அதட்டல் வரும். தி.நகர் ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையைத்தான் வசந்தபாலன் 2010இல் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டினார். கால்வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்புவலி என இப்படி நாள் முழுக்க நிற்பதால் வரும் உபாதைகளுக்குக் குறைவில்லை.

இதற்கென்று சட்டம் வர 2021 ஆகிவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. நின்றே வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆலைக்குள் இருந்த உரிமை சட்டப்படி கடைக்குள் வந்துசேரவே 73 ஆண்டுகள் பிடித்தன.

வேலையில் மனநிறைவு எல்லோருக்கும் வாய்க்குமா என்ற கேள்வியை இந்தக் கடையில் நின்றுதான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கல்லூரி விழா மேடைகளில்தான் கேட்கப்படுகிறது. ‘பிடித்த வேலையைத் தேடிக்கொள்ளுங்கள்’ என்பதே அங்கே கிடைக்கும் பதில். தேடுவதற்கு அவகாசமும், அதுவரை வீட்டில் உலை கொதிக்க வழியும் உள்ளவர்களுக்கு அது நல்ல அறிவுரை. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு ஊரிலிருந்து கடை விடுதிக்கு அனுப்பப்படும் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே வரவில்லை.

பிடித்த வேலை எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்த வேலையை மரியாதையோடும் ஓரளவு நிறைவோடும் செய்யும்படி மாற்ற முடியும். அந்த மாற்றம் முதலாளியின் முடிவிலும் அரசின் சட்டத்திலும் இருக்கிறது. அதைத் தொழிலாளியின் மனப்பக்குவத்தின் மேல் சுமத்துவது அநியாயம்.

பிரிட்டனின் அரசு ஊழியர்களிடம் நடந்த ‘ஒயிட்ஹால்’ ஆய்வுகள் இதற்கு வலுவான சான்று. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில் சுமார் 18,000 ஆண்கள் இடம்பெற்றார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, அரசு மருத்துவ வசதி. ஆனாலும் உயரதிகாரிகளோடு ஒப்பிட்டால் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளிக்கு முழுக் காரணம் கிடைக்கவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது. தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று சொல்லும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் கூடுதலாக இருந்தது. தன் வேலையில் தனக்கொரு சொல் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்கு எதிர்வாதமாக மற்றோர் ஆய்வைக் காட்டுவோர் உண்டு. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஏமி ரெஸ்நெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதினார்கள். ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் அதைத் திறமை தேவைப்படாத வேலை என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளிடமும் பார்க்க வருகிறவர்களிடமும் பேசினார்கள். செவிலியர்களின் வேலைக்கு இசைவாகத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள். நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். மனம் வைத்தால் எந்த வேலையிலும் நிறைவு காணலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. அது பாதிதான் சரி. நோயாளியிடம் நான்கு வார்த்தை பேச நேரம் வேண்டும். ஆட்களைக் குறைத்து இரண்டு வார்டுகளை ஒருவர் தலையில் கட்டினால் அந்த நேரம் போய்விடும். ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்ற பயத்தில் இருப்பவரிடம் அர்ப்பணிப்பை எதிர்பார்ப்பதும் கொடுமை.

நேரத்தின் அருமையைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 2023இல் உணர்த்தினார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அந்த ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்று அரசு சமாதானம் சொன்னது. முதலாளி கேட்கும்போது விருப்பமில்லை என்று சொல்லும் வலு யாருக்கு இருக்கிறது? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

எந்தச் சீர்திருத்தத்தாலும் நிறைவு தர முடியாத வேலைகளும் உண்டு. சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவது அப்படிப்பட்டது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. அங்கே இயந்திரத்தை இறக்கிவிட்டு, இத்தனை காலம் அதைச் செய்தவர்களுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

மறுபடி கடைக்கு வருவோம். உட்காரும் உரிமையைத் தமிழ்நாட்டுக்கு முன்பே, 2018இல், கேரளம் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்தவர்கள் அவர்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்கள் அப்படிச் சேர்ந்து பேசும் நிலை வரவேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தீபாவளிக் கூட்ட நேரத்தில் கடைகளுக்குப் போய், உட்கார முடிகிறதா என்று முதலாளி பக்கத்தில் இல்லாதபோது ஊழியர்களைக் கேட்க வேண்டும். புகார் சொன்னவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. ஷிப்ட் அட்டவணையையும் வார விடுமுறையையும் முடிவுசெய்யும்போது ஊழியர்களின் பிரதிநிதியும் உடன் இருக்க வேண்டும். இதை எல்லாப் பெரிய கடைகளுக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.