புயத்தைப் புகழ்வோர் பேச்சை மறப்பதேன்?

விஞ்ஞானப் புனைகதைப் படங்களிலே பெண்ணின் எழுச்சிக்கு உதாரணங் காட்டப் புகுவோர் ஸாரா கொனரையே முதலில் நிறுத்துகின்றனர். ஜேம்ஸ் கமரூன் நெறிப்படுத்தி 1984இல் வெளிவந்த 'டேர்மினேற்றர்' படத்திலே அஞ்சி ஓடிய பேதை, 1991இல் வந்த இரண்டாம் பாகத்திலே வீராங்கனையாகி விட்டாளாம். மனநோய் மருத்துவமனைக் கட்டிலை நிமிர்த்தி, அதன் சட்டத்தைப் பற்றித் தொங்கி எழும் நடிகை லிண்டா ஹமில்டனின் புயங்களே சான்றாம். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

முதற் படத்தின் ஸாரா யார்? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே உணவகமொன்றில் தட்டேந்தும் கூலிப்பெண். ஒரு சிறுவன் அவளது மேலங்கிப் பையிலே ஐஸ்கிறீமைப் போட்டு வேடிக்கை பார்க்கின்றான். அவளே இறுதியில், காயமுற்ற காலை இழுத்து ஊர்ந்து, தொழிற்சாலையொன்றின் அழுத்து பொறியை இயக்கி, எதிர்காலத்திலிருந்து வந்த கொலை இயந்திரத்தை நசுக்குகின்றாள். அவளைக் காக்க வந்த போர்வீரன் ரீஸ் அதற்கு முன்னரே மாண்டு விட்டான். அங்கே புயபலம் எங்கிருந்தது?

இரண்டாம் பாகத்திலே அவள் சொல்வது உண்மை. 1997 ஆகஸ்ட் 29இல் ஸ்கைநெற் என்னும் இராணுவக் கணினி அணுப்போரை மூட்டும். 300 கோடி மக்கள் மடிவர். அவளைப் பைத்தியமென்று அடைத்து வைத்த மருத்துவர் ஏளனம் செய்கின்றார். உண்மையறிந்த நாம் அவர்மீது வெகுளுகின்றோம். இதுவரை படம் நேர்மையாகவே செல்கின்றது.

ஸ்கைநெற்றுக்கு வித்திடும் பொறியியலாளன் மைல்ஸ் டைசனின் வீட்டுக் காட்சிக்கு வருவோம். (அவனுக்குச் சம்பளங் கொடுத்த முதலாளிகளைப் படம் விசாரிப்பதேயில்லை!) அவனைக் கொல்லச் சென்ற ஸாரா, மனைவி மகன் முன்னே அவன் குருதி சிந்திக் கிடப்பதைக் கண்டு, துப்பாக்கியைத் தாழ்த்தி அழுகின்றாள். தானே ஒரு கொலை இயந்திரமாகும் எல்லையிலிருந்து அவள் மீளுமிடம் இது. அவளுடைய மெய்யான மாற்றம் இதுவே என்போம். ஐதரசன் குண்டைச் செய்தவர்களும் இத்தகைய ஆண்களே, உயிரைப் படைப்பதன் பொருளை அவர்கள் அறியார் என்று பின்னர் அவள் பேசத் தொடங்குகின்றாள். அணுயுகத்தின் மீது பெண்ணொருத்தி சுமத்தும் குற்றச்சாட்டு! முடிக்க விட்டார்களா? பத்து வயது மகன் இடைமறித்து, உருப்படியாகப் பேசும்படி தாயை அடக்குகின்றான். கொட்டகை சிரிக்கின்றது. மருத்துவரின் ஏளனத்துக்கு வெகுண்ட அதே கொட்டகைதான். புயத்தைப் புகழ்வோர் இதைப்பற்றி ஒரு வரி எழுதக் காணோம்.

தந்தையாவதற்கு இயந்திரமே தகுதியுடையதென்று அவள் வாயாலேயே நினைந்துரைக்க வைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்? அவளைத் தேடிக் கொலை இயந்திரம் வந்ததும் அவளுக்காகவன்று. அவள் வயிற்றிற் பிறக்கவிருந்த தலைவன் ஜோனுக்காகவே.

டிம் மில்லர் நெறிப்படுத்தி 2019இல் வெளிவந்த 'டார்க் ஃபேற்' இக்கணக்கைத் திருத்த முயன்றது. டானி என்னும் பெண்ணும் ஒரு தலைவனுக்குத் தாயாகப் போகிறவளே என்று முதிய ஸாரா எண்ணுகின்றாள். டானியே தலைவி எனப் பின்னர் அறிகின்றாள். டானி மெக்சிக்கோ நகரத்துக் கார்த் தொழிற்சாலையின் தொழிலாளி. கொலை இயந்திரம் வந்து சேருமுன்னரே, அவளுடைய சகோதரனின் வேலையை இன்னோர் இயந்திரம் பறித்து விடுகின்றது. அவள் மேலாளனிடம் வாதாடுகின்றாள். சில நிமிடங்களே அக்காட்சி. பின்னர் துரத்தலும் வெடியோசையுந்தான். அந்த வாதம் தொழிற்சாலையிலேயே கிடக்கின்றது.