விறகு வெந்து இலை பழுக்கிறது

சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கேட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் அவர் கைக்கு வரும் முன்பே அந்த இலை ஒருமுறை நெருப்பைக் கண்டிருக்கிறது. அந்த நெருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கர்நாடகத்தில், மைசூரு மாவட்டத்தின் ஹுன்சூர், பிரியாபட்டணா வட்டாரங்கள் நாகரகொளெ காட்டை ஒட்டியவை. காவிரியில் கலக்கும் லட்சுமண தீர்த்த ஆறு ஹுன்சூர் வழியாகத்தான் ஓடி வருகிறது. இங்கே மானாவாரியாக வெர்ஜினியா புகையிலை பயிராகிறது. பறித்த பச்சை இலைகளைப் பெண்கள் குச்சிகளில் கோர்க்கிறார்கள். அவற்றைக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, அடுப்பின் சூட்டைக் குழாய்கள் வழியே செலுத்திப் பாடம் செய்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் இரவும் பகலும் அடுப்பு அணையக் கூடாது. ஒரு கிலோ இலை காய 4 அல்லது 5 கிலோ விறகாவது வேண்டும். விறகு போதாத இடங்களில் தோப்பும் காடும்தான் அதற்குப் பலியாகின்றன.

மனிதரும் தப்புவதில்லை. ஈர இலையைக் கையாளும்போது நிகோட்டின் தோல் வழியே உடலில் ஏறி, வாந்தியும் தலைசுற்றலும் தருகிறது. விறகுக்கும் கூலிக்கும் வாங்கிய கடனோ, ஏலத்தில் விலை விழுந்தால் கழுத்தை நெரிக்கிறது. இதே இலையைப் பயிரிடும் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், 2015இல் விலை சரிந்தபோது கடன்பட்ட விவசாயிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதை நாடறியும்.

அப்படியானால் அவர்கள் ஏன் இதை விடவில்லை? பேராசை என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமாகாது. புகையிலைக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒரு வாரியம் உண்டு. உரிமம் உண்டு, ஏலக்களம் உண்டு, அதை நம்பிக் கடன் கொடுப்பாரும் உண்டு. அதே மண்ணில் விளையும் கேழ்வரகுக்கும் பயறுக்கும் இவ்வளவு உறுதியான துணை எங்கே?

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்டது. அதன் 17ஆம் பிரிவு விவசாயிக்கு மாற்று வாழ்வாதாரம் தேடித் தரச் சொல்கிறது. 18ஆம் பிரிவு சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்கிறது. இது ஆகாத காரியமன்று. கென்யாவின் மிகோரி பகுதியில் 2022இல் புகையிலை விவசாயிகள் பலர் அவரைப் பயிருக்கு மாறினார்கள். அவர்களுக்கு விதையும் கடனும் கிடைத்தன. விளைந்ததை வாங்கிக்கொள்ள உலக உணவுத் திட்டம் முன்வந்தது. அறிவுரை மட்டும் கிடைத்திருந்தால் அவர்கள் மாறியிருப்பார்களா?

சூடு வெளியேறாத கொட்டகை, விறகுக்குப் பதில் காபி உமி ஆகியவை மரங்களை ஓரளவு காக்கும், கடனைத் தீர்க்கா. புகையிலை வரியால் அரசுகளுக்கு வருமானம். இலையால் நிறுவனங்களுக்கு இலாபம். காட்டின் இழப்பும் கடனின் சுமையும் மட்டும் அடுப்படியில் கண்விழித்திருப்பவருக்கா? அந்த வரியில் ஒரு பங்கேனும் கேழ்வரகுக்கு உறுதியான விலையாக அவர் வயலுக்குத் திரும்பட்டும். அதன் பிறகு, 'புகையிலையை விடுங்கள்' என்று சொல்லும் உரிமை நமக்கு வரும். சிந்திப்போமா?