இசை நாடக உடைகளை மாற்றுவது அவ்வளவு ஈஸியா? ‘விக்கட்’ முதல் தெருக்கூத்து வரை

ஆண்டு விழா சீசன் வந்தாலே பருத்திப்பட்டு, ஆவடி பக்கம் பெற்றோர்கள் மத்தியில் ஒரே பேச்சுதான்: “காஸ்ட்யூமுக்கு எவ்வளவு கேட்கிறாங்க?” சின்ட்ரெல்லாவோ ஸ்னோ ஒயிட்டோ, வாடகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதே பளபள கவுன். வெறும் டிரஸ்தானே என்று விட்டுவிடலாமா? பழைய கதையைப் புது மேடைக்குக் கொண்டுவரும்போது உடையில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

‘விக்கட்’டில் என்ன நடந்தது?

2003-ல் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம் ‘விக்கட்’. அதன் உடைகளுக்காக சூசன் ஹில்ஃபெர்டி 2004-ல் டோனி விருது வாங்கினார். அது திரைப்படமானபோது பால் டேஸ்வெல் உடைகளைப் புதிதாக வடிவமைத்து, 2025-ல் ஆஸ்கர் வென்றார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான்.

இந்தக் கதைக்கு மூலமான 1900-ம் ஆண்டு நாவலில் டோரத்தியின் காலணி வெள்ளி நிறம். 1939 படத்தில் அது சிவப்பானது. டெக்னிகலரில் சிவப்புதான் எடுப்பாகத் தெரியும் என்பதே காரணம். ஆக, உடையை மாற்றியது ரசனை மட்டுமல்ல, தொழில்நுட்பமும்தான்.

நம்ம ஊர்க் கூத்தில்?

இதே கணக்கு தெருக்கூத்திலும் உண்டு. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்யப்படுபவை. அதனால்தான் ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரே வந்தது. அவற்றில் பதிக்கும் கண்ணாடித் துண்டுகள் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி அடிக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் வந்துவிட்டது தெரியும். கட்டியக்காரனுக்கோ இந்தக் கனமான அலங்காரம் கிடையாது. உடையைப் பார்த்தே யார் ராஜா, யார் கோமாளி என்று சொல்லிவிடலாம்.

அப்போ, எதை மாற்றலாம்?

முதலில் அளவு. கூத்தில் வேஷத்தைப் ‘போடுவதில்லை’, கயிற்றால் இறுக்கிக் ‘கட்டுகிறார்கள்’. காஞ்சிபுரம் அருகே 2002-ல் தொடங்கி 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்றார்கள். ஆண்கள் மட்டுமே கட்டிவந்த வேஷத்தை ஒரு சிறுமி கட்டும்போது எடை, இறுக்கம், மூச்சு எல்லாவற்றையும் யோசித்தே ஆக வேண்டும். அந்த மாற்றம் நியாயமானது.

மாற்றக் கூடாதது, வேஷங்களுக்கு இடையிலான வித்தியாசம். எல்இடி வெளிச்சத்தில் மேடை முழுக்க ஜிகினாவாக இருந்தால் எல்லோரும் ஒரே மாதிரி மின்னுவார்கள். ராணியும் தோழியும் ஒன்றாகிவிடுவார்கள். அங்கே கதை தோற்றுவிடும். செலவு மட்டும் மிச்சம்.

பள்ளி மேடைக்கும் இது பொருந்தும். சூனியக்காரிக்கு அம்மாவின் பழைய கறுப்புப் புடவை போதும். தோழிகளுக்குச் சாதாரண பருத்திப் பாவாடை போதும். மின்னும் துணியை இளவரசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஓடவும் பாடவும் முடிகிறதா என்பதை வீட்டிலேயே உடையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மேடையில் ஏறிய பிறகு ஊக்கு தேடி ஓடுவது யாருக்கும் நல்லதல்ல.