'சிங்கிள் ஓனர், 28 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கு!' - பழைய கார் மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

பழைய கார் விளம்பரத்தில் விலைக்கு அடுத்து எல்லோர் கண்ணும் போவது கிலோமீட்டர் மேலதான். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் குறைவாக ஓடிய வண்டிக்கு கூடுதல் விலை கிடைக்கும். மீட்டரில் கைவைக்கும் மோசடிக்குக் காரணமும் அதுதான்.

மீட்டரை மாற்ற முடியுமா?

முடியும். பழைய மீட்டர்களில் எண் சக்கரத்தையே பின்னோக்கிச் சுற்றிவிடுவார்கள். டிஜிட்டல் மீட்டரில் அந்த எண் ஒரு மெமரி சிப்பில் இருக்கும். அதற்கான கருவி இருந்தால் மாற்றி எழுதிவிடலாம். டிஜிட்டல் என்பதற்காக அப்படியே நம்ப வேண்டாம்.

எப்படி செக் பண்ணுவது?

முதலில் சின்ன கணக்கு. தாம்பரத்தில் இருந்து கிண்டிக்கு தினமும் காரில் வேலைக்குப் போய் வந்தாலே சுமார் 30 கி.மீ. மாதம் 22 நாள் என்றால் வருடத்துக்கு கிட்டத்தட்ட 8,000 கி.மீ. அப்படி 6 வருடம் ஓடிய கார் 28,000 காட்டினால் கேள்வி கேட்கணும். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவரின் கார் குறைவாக ஓடியிருக்கலாம். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம் சர்வீஸ் பில். ஒவ்வொரு சர்வீஸிலும் அன்றைய கி.மீ. எழுதப்படும். பழைய பில்லில் 52,000, இன்றைய மீட்டரில் 41,000 என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து டயர். பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணில் '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. கார் 15,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் காரைவிட 3 வருடம் புதுசு. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட் தேய்மானமும் மீட்டரோடு ஒத்துப்போகணும்.

டி போர்டு டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு மாறிய வண்டியா என்பதையும் ஆர்சி விவரத்தில் பாருங்கள்.

கி.மீ. குறைந்தால் நல்ல வண்டியா?

அப்படிச் சொல்ல முடியாது. நின்றே கிடந்த காரில் பேட்டரி, டயர், ரப்பர் குழாய்கள் வயதாகிவிடும். ஒழுங்காக சர்வீஸ் ஆன 70,000 கி.மீ. கார் அதைவிட நல்லதாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மீட்டர் மோசடிக்கு எதிராக 1972-லேயே சட்டம் வந்தது. பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்பனைக்கு கி.மீ. சான்றிதழ் கட்டாயம். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி அமலில் உள்ளது. ஏமாற்றி விற்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவில் புகார் கொடுக்கலாம். டீலர் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

அங்கே கையில் ஆதாரம் வேண்டும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டரை போட்டோ எடுங்கள். 'இதுதான் உண்மையான கி.மீ.' என்று விற்பவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர தயங்கினால், அடுத்த வண்டியைப் பாருங்கள்.