கீழவைப்பாரில் சூரியன் கடலில் மறைவதில்லை

பாட்டு வீடியோக்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. ஒவ்வோர் இசைக்கும் ஒரு முகம் உண்டு, அந்த முகம் அந்த இசையைப் பெற்ற மக்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது என்கிறார்கள். கானா என்றால் லுங்கியும் வடசென்னைச் சந்தும். ராப் என்றால் பாடுகிறவனுக்குப் பின்னால் கைகட்டி முறைத்து நிற்கும் பத்துப் பேர். கர்நாடக இசை என்றால் மேடை, ஜமக்காளம், பட்டு. கிறிஸ்தவப் பாட்டு என்றால் மலை, அருவி, ரோஜாத் தோட்டம். மீனவர் பாட்டு என்றால் வலை, கட்டுமரம், கடலுக்குள் இறங்கும் சிவப்புச் சூரியன். இயக்குநர்கள் பேட்டியில் இதை 'மண் வாசனை' என்கிறார்கள். விமர்சகர்களும் அதையே எழுதுகிறார்கள். காட்சி ஊடகம் படிக்கும் பிள்ளைகள் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கீழவைப்பாரில் வைத்துச் சோதிக்கிறேன். தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேருமிடத்தில், விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கும் பரதவர் ஊர் அது. ஒட்டினாற்போல் சிப்பிகுளம். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடற்றுறைகளில் வைப்பாறும் ஒன்று. கடலும் மீனும் முத்தின் வரலாறும் ஒன்றாக உள்ள ஊரைவிடத் தோதான இடம் இந்தச் சோதனைக்குக் கிடைக்காது.

கடற்கரைப் பாட்டுகள் கடற்கரை வாழ்க்கையைக் காட்டுகின்றன என்பது முதல் துண்டு.

சூரியனிலிருந்தே தொடங்கலாம். தூத்துக்குடியிலிருந்து வேம்பாறு வரை கரை வடகிழக்காக ஏறிப்போகிறது. கடல் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறது. ஆகவே கீழவைப்பாரில் சூரியன் வருடம் முழுவதும் கடலில் எழும், கருவேலங்காட்டுப் பக்கம் விழும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்து போனாலும் கடலை எட்டுவதில்லை. தமிழ்நாட்டுக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கோ, ராமேஸ்வரம் போன்ற சில முனைகளுக்கோ போக வேண்டும். அப்படியிருக்க, தமிழ் மீனவனின் பாட்டில் மட்டும் ஏன் எப்போதும் அந்தி? பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டையும் முட்டத்தில் எடுத்தார். முட்டம் மேற்கு பார்த்த கரை. அந்தப் படங்கள் ஓடின, முட்டத்து ஒளி தமிழ்க் கடலுக்கே பொது ஒளியாகிவிட்டது. இன்னொரு காரணம் இன்னும் எளிமையானது. கடலில் சூரியோதயம் எடுக்கப் படப்பிடிப்புக் குழு விடிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டும். அந்திக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் போதும்.

அடுத்தது கட்டுமரம். இந்தக் கரையில் தொழில் செய்வது வள்ளமும் பைபர் படகும், எஞ்சின் பூட்டிய நாட்டுப் படகும். கட்டுமரம் பாட்டில்தான் அதிகம் மிதக்கிறது. பெண்கள் கரையில் நின்று கடலைப் பார்த்துக் காத்திருப்பார்கள் என்பதும் பாட்டு விதி. இந்தக் கரைப் பெண்களுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. வலையில் சிக்கிய நண்டைக் கழற்ற வேண்டும், மீன் கூடையோடு பஸ் பிடிக்க வேண்டும், உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும்.

முத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய் அதிகம் சேர்ந்திருப்பது அதில்தான். பாட்டில் முத்து வந்தால் நாயகன் தெளிந்த நீலத் தண்ணீரில் தலைகீழாகப் பாய்வான், ஒரே சிப்பியை எடுத்து வருவான், பிளந்தால் உள்ளே ஒரு முத்து இருக்கும், நாயகி சிரிப்பாள். மன்னார் வளைகுடாவில் நடந்தது வேறு. குளியாளி கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து அதன் பாரத்தில் இறங்குவான். இன்னொரு கயிறு மேலே தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். அடித்தரையில் கைக்கெட்டிய சிப்பியை எல்லாம் கூடையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டினால் மேலே இருப்பவன் தூக்குவான். சுமார் ஒரு நிமிட வேலை, திரும்பத் திரும்ப. அள்ளிய சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குப் போகும், மூன்றில் ஒன்று குளியாளிகளுக்கு. அரசின் பங்கை ஏலத்தில் ஆயிரக் கணக்கில் எடுத்தவர்கள் உடனே பிளப்பதில்லை. கரையில் குவித்து அழுகவிடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகு கழுவி அலசி, அடியில் தங்கும் மண்டியில் முத்தைத் தேடுவார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் கரை முழுக்க அந்த நாற்றமும் ஈயும்தான். ஆயிரக் கணக்கான சிப்பிக்குச் சில நல்ல முத்து. இதை ஒரு பாட்டிலும் நான் பார்த்ததில்லை. காதல் பாட்டில் புழுவைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் காட்டாததற்கு 'மண் வாசனை' என்று பெயர் வைக்காமலாவது இருக்கலாம்.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' 1967இல் வந்தது. நாகேஷும் மனோரமாவும் ஆடிய 'முத்துக்குளிக்க வாரீகளா' அந்தப் படத்தில்தான். தொழில் நின்று ஆறு வருடம் கழித்து அதற்குப் புகழ்பெற்ற பாட்டு பிறந்திருக்கிறது. தூத்துக்குடிப் பேச்சும் விஸ்வநாதனின் தாளமும் சேர்ந்த அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம். 1973இல் மெஹ்மூத் நடிக்க அந்தப் படம் இந்தியில் 'தோ பூல்' என்று வந்தபோது, பாட்டு தமிழ் மாதிரி ஒலிக்கும் கேலிச் சத்தமாக மாறியது. ஆட்டம் கிட்டத்தட்ட அப்படியே போயிற்று, கடல்துறை போகவில்லை. ஒரு காட்சி மரபு இவ்வளவு லேசாகப் பெட்டி கட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போக முடிகிறது என்றால், அது இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்க முடியும்?

இரண்டாவது துண்டு, இசை தனக்கான காட்சியைத் தானே தேடிக்கொள்கிறது என்பது. மணிரத்னத்தின் 'கடல்' 2013இல் வந்தது. மணப்பாட்டில் எடுத்தார்கள். அதன் 'நெஞ்சுக்குள்ளே' பாட்டைப் படம் வருவதற்கு முன்பே, 2012இல், எம்டிவி அன்பிளக்டு மேடையில் சக்திஸ்ரீ கோபாலன் பாடிவிட்டார். மைக், கிதார், அரைவட்டமாக உட்கார்ந்த இசைக்குழு. அதே மெட்டு, அதே குரல், அதே வரிகள் படத்தில் கடற்கரை ஊரோடு வந்தன. இசையே முகத்தைத் தீர்மானிக்குமானால் ஒரே பாட்டுக்கு இரண்டு முகம் எப்படி வந்தது? எங்கே ஒளிபரப்பாகிறது என்பதுதான் தீர்மானித்தது. இன்னொன்று, 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு. பாட்டு முழுக்க மீன். காட்சியில் மக்கள் நினைவில் நிற்பதோ மாளவிகாவின் ஆட்டம்.

கானாவுக்கு லுங்கி என்பதும் இப்படி உடைந்துபோனதுதான். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, கானாப் பாடகர்கள் ஒரே மாதிரிக் கோட்டு சூட்டில் வந்தார்கள். அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டார் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கானா கோட்டுக்குள்ளும் கானாவாகவே இருந்தது. லுங்கியைக் கானாவின் சீருடையாக்கியது பாடகர்களைவிட அவர்களைப் படம் பிடித்தவர்கள்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கரையின் ஞானப் பாட்டு வீடியோக்களைப் பாருங்கள். கோயில் கொடி கடற்காற்றில் பறக்கும், மாதா சப்பரம் கடலைப் பார்த்து வரும் ஊர்கள் இவை. வீடியோவிலோ கொடைக்கானல். கடற்கரைக் கத்தோலிக்கருக்குப் பைன் மரத்தோடு என்ன உறவு? மலைப் புகைப்படம் போட்ட பழைய ஜெபக் காலண்டரிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, இசையிலிருந்து வரவில்லை என்றால் இந்த மரபுகள் எங்கிருந்துதான் வந்தன? பெரும்பாலும் படப்பிடிப்பின் கணக்கிலிருந்து. பாட்டை முன்பே பதிவு செய்துவிடுகிறோம். படப்பிடிப்பில் அது ஸ்பீக்கரில் ஓடும், நடிப்பவர் வாயசைப்பார். அங்கே ஒலியைப் பதிவு செய்யத் தேவையே இல்லை. வசனக் காட்சி எடுக்கிறவருக்கு அலைச்சத்தமும் காற்றும் எதிரி, பாட்டு எடுக்கிறவருக்கு அவை ஒரு பொருட்டே அல்ல. வாடகை இல்லாத, சுவர் இல்லாத, பின்னணி தானாக அசைகிற, இரைச்சல் இருந்தாலும் கெடாத இடம் கடற்கரை. காதல், சோகம், பக்தி, ராப் எல்லாம் கடற்கரைக்கு வருவது இதனால்தான். தாழ்ந்த வெயில் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தால் விளக்கு, ஜெனரேட்டர் வாடகை மிச்சம். நாயகன் மெதுவாகத் தலையைத் திருப்பும் ஸ்லோமோஷனும் ஒரு தொழில் தந்திரமே. நொடிக்கு 48 பிரேம் ஓடவிட்டு, பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கச் செய்து, அந்த வேகத்துக்கே வாயசைக்க வைத்து, பிறகு 24இல் ஓட்டினால் உடல் மிதக்கும், உதடு மட்டும் சரியாகப் பொருந்தும். மெலடியும் இதைச் செய்கிறது, கானாவும் செய்கிறது, வேளாங்கண்ணிப் பாட்டும் செய்கிறது. இதில் எந்த மண்ணின் வாசனை?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. தீவுக் காதல் பாட்டுக்கு யூனிட் அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வனச் சட்டமும் காட்சி மரபை வடிக்கும்.

மூன்றாவது துண்டை நான் முழுதாக மறுக்கப் போவதில்லை. யூடியூப் வந்தபின் தனி இசை வீடியோக்கள் சினிமாவின் சூத்திரத்தை உடைத்துவிட்டன என்கிறார்கள். பாதி உண்மை. 2017 பொங்கலை ஒட்டி வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' உடைத்தது. டி. எம். கிருஷ்ணா ராகமாலிகையை எண்ணூரில், அனல்மின் நிலையங்களுக்கு நடுவே, முகமூடியோடு நின்று பாடினார். கபேர் வாசுகி எழுதியது, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. அதே இயக்குநர் 2015இல் சோபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோன்ட்' ராப்பையும் எடுத்திருந்தார். பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிய அந்தப் பாட்டு நிக்கி மினாஜின் மெட்டில் அமைந்தது. இந்த இரண்டிலும் இடம்தான் பாட்டின் பொருள், அழகுக்காகத் தேர்ந்த பின்னணி அல்ல. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் ஒப்பாரியும் ராப்பும் கலந்தன, தெருமுனை ராப்புக்குப் பதில் நிலமும் காடும் வந்தன.

ஆனால் இவை விதிவிலக்கு. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கியபோது அது புதுமை. இன்று ஹெட்போனைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிப் பாடும் முகம், சினிமாவின் சுவிட்சர்லாந்துப் பனிக்கு நிகரான தேய்ந்த சூத்திரம். தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கடலை ஒட்டி நிற்கின்றன. வேம்பாறு முதல் தூத்துக்குடி தாண்டியும் உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. 2018 மே மாதம், ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த நகரம் இது. சினிமாவிலிருந்து விடுதலை பெற்றதாகச் சொல்லப்படும் ஆல்பம் பாட்டுக்காரர்கள் இங்கே வந்து ட்ரோனில் கடலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

'பார்க்கிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்' என்பது கடைசித் துண்டு. தயாரிப்பாளர்களின் பிரம்மாஸ்திரம். இதற்குப் பதில் இதே கரையில் இருக்கிறது. 'தூத்துக்குடி மீனவன்', வேம்பாற்றுக்கு அப்பால் மூக்கையூரிலிருந்து வரும் 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அதில் கேமரா படகுக்குள் இருக்கிறது. வலை ஏறுகிறது, கை வழுக்குகிறது, எஞ்சின் சத்தத்தில் பேச்சு பாதி கேட்கவில்லை, மீன் வராத நாளும் அப்படியே வருகிறது. பார்க்கிறவர்கள் ஓடிவிடவில்லை. அது பாட்டு வீடியோ இல்லையே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 2020இல் டிக்டாக்கைத் தடை செய்வதற்கு முன்பும், இப்போது ரீல்ஸிலும், ஸ்டேட்டஸிலும் கடற்கரைப் பையன்கள் போடுவதைப் பாருங்கள். புதுப் படகு கடலில் இறங்குகிறது, பாடு நன்றாக விழுந்திருக்கிறது, அண்ணன் சுக்கான் பிடித்திருக்கிறார். மேலே ஒரு ரஜினி பாட்டோ அனிருத் பாட்டோ ஓடுகிறது. காட்சி ஊருடையது, பாட்டு சென்னையுடையது. மண் வாசனைக்காரர்கள் செய்வதற்கு நேர் தலைகீழ். அதே துண்டை யூடியூபில் ஏற்றினால், பாட்டு உரிமை வைத்திருக்கும் நிறுவனம் பதிப்புரிமை கோரி அதன் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ள முடியும். படகுக்காரர் பங்கு கேட்கப் படிவம் எதுவும் அங்கே கிடையாது.