நிலம் விலையேறியது, உயில் எங்கே?

1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நிலத்தின் மதிப்பே மாறிப்போனது. பத்திரத்தைப் பத்திரமாகப் பூட்டிவைக்கும் பெரியவர்களோ, உயில் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்கிறார்கள்.

எழுதாமல் போனால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன், மகள், தாய் அனைவருக்கும் சமபங்கு. 1956-க்கு முன் உயிலின்றி இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்திலும், மகன் இல்லாதபோது, மகளுக்கு உரிமை உண்டென்று, தமிழ்நாட்டின் அருணாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. (மகளைக் கழித்துவிடவே உயில் எழுதுவோரும் உண்டு, அது தனி வயிற்றெரிச்சல்.)

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் அவசியம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆலைத் தொழிலாளர்களே, பி.எஃப். படிவத்தில் நாமினி பெயர் போட்டதோடு வேலை முடியவில்லை. அது உங்கள் வீட்டுமனைக்குச் செல்லாது.